காரணக் கட்டத்தில் நான் எழுதிய சொல்

தேயிலைத் தோட்ட மருந்தகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மருந்துக்காரர்களான உங்களுக்கு உற்சாகமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். உற்சாகம் என்னிடம் இல்லை. ஆத்திரம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடலாம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய துண்டுச் சீட்டு, ஓய்வுபெற்ற நான் அங்கே மருந்து வாங்கப் போயிருந்தபோது கண்ணில் பட்டது. பெயர் சொல்ல மாட்டேன். வாசிக்கும்போது அவருக்கே தெரியும். இரத்த வாந்தி எடுத்த ஒரு மனிதனை அனுப்பியிருக்கிறார். நேரம் குறித்திருக்கிறார். நாடியை எண்ணி எழுதியிருக்கிறார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘குடி’ என்று இரண்டே எழுத்து. அந்த மனிதனிடம் கேட்டீரா என்று தொலைபேசியில் விசாரித்தேன்.

“கேக்கணுமா சேர்? மொகத்தப் பாத்தாலே தெரியுதே” என்றார்.

போனை வைத்துவிட்டு முற்றத்தில் பதினொரு முறை நடந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. எப்படி அடங்கும்? அதே இரண்டு எழுத்தை அதே கட்டத்தில் எழுதியவன் நான்.

முப்பத்தொரு வருடம், நான்கு தோட்டங்கள். கடைசிப் பதினான்கு வருடம் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மருந்தகத்துக்கு நாற்பத்தேழு படி. நோயாளியை நாற்பத்தேழு படி ஏறவைத்து மருந்து கொடுக்கும் கட்டடத்தைக் கட்டியவன் எவன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எதையும் எண்ணுகிறவன். படி, நாடி, மாத்திரை, வாந்தி எல்லாவற்றையும் எண்ணுவேன். அந்தப் பழக்கம் என்னை நல்ல மருந்துக்காரனாக்கியது என்று பல காலம் நினைத்திருந்தேன். என் பெரிய பிழைக்கும் அதுதான் வழி விட்டது.

புஷ்பராணிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கொழுந்து பறிப்பவள். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை; வரும்போதெல்லாம் சாராயப் போத்தலோடு வருவான். ஒரு நாள் காலை நிறுவை நேரத்தில், கூடையைத் தராசடியில் இறக்கியவள் அப்படியே குனிந்து இரத்தமாக வாந்தி எடுத்தாள். தகவல் கிடைத்து நான் போய்ச் சேர ஒன்பது நிமிடம். அதற்குள் இரண்டாம் முறையும் எடுத்திருந்தாள். கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்தபடி நின்றார்.

“பாருங்க டொக்டரையா, ஒரு கூட கொழுந்து நாசமாப் போச்சு!”

முதலில் அந்த மனிதரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

நாடி நூற்றிருபத்து நான்கு. அம்புலன்சுக்குச் சொன்னால் வளைவும் மண்சரிவும் தாண்டி வர ஒன்றரை மணி நேரம். கொழுந்து லொறி பக்கத்திலேயே நின்றது. நிறுவை முடியாமல் எடுக்க முடியாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து, கொட்டகலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சாமான் விற்க வரும் முஸ்லிம் வியாபாரி நானாவின் வேன் லயத்துக் குடியிருப்புப் பக்கமிருந்து இறங்கி வந்தது. கையைக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து மூட்டைகளை ரோட்டோரத்தில் இறக்கத் தொடங்கினார்.

“புடிங்க ஐயா, வெங்காயத்த எறக்குங்க. வெங்காயம் எங்கயும் ஓடாது.”

இது வரைக்கும் சரியாகத்தான் செய்தேன். காத்திருக்கவில்லை, வாதாடவில்லை, கிடைத்த வண்டியில் ஏற்றினேன். அடுத்த நாற்பது விநாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வேனின் முன்மூடியில் வைத்துத் துண்டு எழுதினேன். பெயர், வயது, நாடி. காரணம். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், காயம் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது: “கட்டத்தக் காலியா விடாத. காலியா விட்டா மேல இருக்கிறவன் உன்ன ஒண்ணும் தெரியாத மடையன்னு நெனைப்பான்.” அந்தப் பாடத்தை பதினெட்டு வருடம் கோயில் பிரசாதம் போலக் காப்பாற்றி வந்தேன். அதோடு என் எண்ணிக்கை வேறு. அதுவரை இரத்த வாந்தியோடு இருபத்திரண்டு பேரைப் பார்த்திருந்தேன். இருபத்திரண்டு பேரும் குடிகாரர்கள். இருபத்து மூன்றாவது ஆளும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? வீட்டில் போத்தல் இருக்கிறது என்றும் தெரியும். ‘குடி’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறி போட்டதால் நான் யோக்கியன் என்று அப்போது நினைப்பு.

அவள் நினைவோடுதான் கிடந்தாள். கண் திறந்திருந்தது. “நீ குடிப்பியா?” என்று கேட்டுப் பதில் வாங்க நான்கு விநாடி போதும். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் இரத்த நாளங்கள் வீங்கி, முடிச்சு முடிச்சாக நின்றன. ஒன்று வெடித்திருந்தது. ரப்பர் வளையம் போட்டு அதைக் கட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு கிளினிக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் குடி என்று இருந்தது. என் துண்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள். கேள்விக்குறி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

கூடை சுமக்கக் கூடாது, முக்கி எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே இலகு வேலைக்குத் துண்டு வேண்டும். என் துண்டின் பிரதியை ஆபீஸ் கிளாக்கர் பார்த்து எழுத, அது பெரட்டுக்குப் போனது. உங்களில் டவுனிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் வாசித்து வேலை பிரிக்கும் இடம். எங்கள் தோட்டத்தில் இலகு வேலைத் துண்டையும் அங்கே சத்தமாக வாசிப்பது வழக்கம். ‘இவளுக்கு மட்டும் ஏன் சுகமான வேலை?’ என்று யாரும் கேட்கக் கூடாதாம், அதற்காக. அந்த வழக்கம் எனக்குத் தெரியும். பதினெட்டு மாதமாக அந்தத் தோட்டத்தில் இருந்தேன். தெரிந்தும் அந்தச் சொல்லை எழுதினேன்.

“புஷ்பராணி. புள்ளக்காம்பரா துப்புரவு. இலகு வேல. காரணம், குடி” என்று வாசித்தார் கணக்கப்பிள்ளை. புள்ளக்காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை.

நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னார்கள். பின்வரிசையில் ஒருவன், “அடியாத்தி, நம்ம ராணியக்காவா! எந்தக் கடையில குடுக்குறாங்கன்னு நமக்கும் சொல்லுங்கக்கா” என்றானாம். களமே சிரித்திருக்கிறது.

அன்று பத்து மணிக்கு நாற்பத்தேழு படியும் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் குடிச்சத நீங்க பாத்தீங்களா டொக்டரையா?”

“இல்லம்மா. அது ஒரு சந்தேகத்துக்குப் போட்டது. பக்கத்துல கேள்விக்குறி இருக்கு, பாரு.”

“கேள்விக்குறியக் கணக்கப்பிள்ள வாசிக்கலையே.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சொன்ன பதில் உலகத்திலேயே மோசமான பதில். “இன்னும் பரிசோதனை இருக்கு. முடிவு வந்தா எல்லாம் தானாச் சரியாகிரும்” என்றேன். எழுதியவன் திருத்தாமல் எந்த எழுத்தும் தானாகச் சரியானதில்லை.

முடிவு வந்தது. ஐந்து மாதத்தில் ஏழு தடவை அலைந்தாள், அதில் இரண்டு கண்டிக்கு. ஈரல் நன்றாக இருந்தது. மண்ணீரல் மட்டும் வீங்கியிருந்தது. இரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஈரலுக்குப் போகும் இரத்தம் ஏனோ தடைப்பட்டு இந்த நாளங்கள் பக்கம் திரும்புகிறது, ஏன் என்று தெரியவில்லை, தேடக்கூடிய இடத்திலெல்லாம் தேடிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார் பெரிய டொக்டர். அவ்வளவு படித்தவர் தெரியவில்லை என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் கை கூசவில்லை. எனக்குத்தான் வேனின் முன்மூடியில் கை கூசியது.

அந்தக் கடிதத்தோடு ஆபீசுக்குப் போனேன். காரணத்தைத் திருத்துங்கள் என்றேன்.

கிளாக்கர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். “சரி, என்னன்னு திருத்துறது?”

“தெரியாதுன்னு.”

“மனேஜர் துரை கையெழுத்துப் போடுவாரா? தெரியாத வருத்தத்துக்கு இலகு வேல குடுத்தா நாளைக்கு முழுத் தோட்டமும் தெரியாத வருத்தத்தோட வந்து நிக்கும். குடின்னா ஒரு காரணமாச்சும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க.”

விட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், விட்டேன். அந்தச் சொல் பொய்தான், ஆனால் அவள் தலையில் கூடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

“அப்ப குடிகாரின்னா இலகு வேல, இல்லாட்டிக் கூட. அப்படித்தானே?”

இலகு வேலைத் துண்டைக் கேட்டு வாங்கினாள். என் மேசையில் வைத்தே நாலாகக் கிழித்தாள். மறுநாள் கூடையோடு மலைக்குப் போய்விட்டாள். பதினெட்டுக் கிலோ, தலையில் கயிறு, செங்குத்து மலை. உள்ளே எந்த நேரமும் வெடிக்கக்கூடிய நாளங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டனுப்பினேன், வரவில்லை. கிளினிக்குக்கு மட்டும் ஒழுங்காகப் போனாள். நாடியைக் குறைக்கும் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். காரமும் கடினமானதும் விட்டாள், ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்றாள், உடம்பு வலிக்கு யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் வாங்கவில்லை. சாகத் துணிந்தவள் இதையெல்லாம் செய்ய மாட்டாள். அவளுக்கு வாழ வேண்டும். அந்தச் சொல்லோடு மட்டும் வாழ முடியாது.

எட்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாமான் நானா படியேறி வந்தார். அவர் எனக்கு விற்க ஒன்றும் கொண்டு வந்ததில்லை. அது வரைக்கும் படியேறியதும் இல்லை.

“ஐயா, அந்த ராணிப் புள்ளைய ஒருக்காப் பாருங்க. செவ்வாக்கிழம சாமான் வாங்க வந்து வேன் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னிச்சு. இன்னைக்குப் பிள்ளைய அனுப்பிச்சிருக்கு. அம்மாவுக்கு நடக்க ஏலலையான்னு கேட்டா, அம்மா மலையில கொழுந்து எடுக்குதாம். மொகத்துல ரத்தமே இல்ல ஐயா.”

மலைக்கு ஓடினேன். இன்றைய என் அறுபத்தொரு வயது வரை அப்படி நான் ஓடியது அந்த ஒரு நாள்தான்.

வரிசையில் பதினான்கு பெண்கள். அவள் ஐந்தாவது. கேட்காமலே கையைப் பிடித்து நாடியை எண்ணினேன். நூற்று நான்கு. கேட்கிறவர்களுக்கு இது பெரிய எண்ணாகப் படாது. மலையேறும் எவருக்கும் அவ்வளவு இருக்கும். ஆனால் இவள் நாடியை மாத்திரை ஒரு வருடமாக அறுபதுக்குக் கீழே பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடியையும் மீறி நூற்று நான்கு என்றால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், யாருடைய எண் என்றும் பாருங்கள். நான் கற்ற தொழிலில் உருப்படியான பாடம் இது ஒன்றுதான்.

“மலம் கறுப்பாப் போகுதா?”

“மூணு நாளா.”

“மூணு நாளாச் சொல்லாம இருந்தியா? உனக்கு என்ன பைத்தியமா?”

“அந்த ஆஸ்பத்திரி வாட்டுக்கு நான் போகமாட்டேன் டொக்டரையா. போன தடவ எவ்வளவு குடிச்ச, எவ்வளவு குடிச்சன்னு வாட்டுக்கே கேக்குற மாதிரிக் கேட்டாங்க. இல்லன்னு சொன்னா, கொப்பியில இருக்கேங்கிறாங்க. பக்கத்துக் கட்டில்காரி தண்ணிப் போத்தலத் தள்ளி வைக்கிறா. அந்தச் சொல்ல எடுத்துட்டு வாங்க, நான் வாறேன்.”

“எடுக்கலாம், எடுக்கலாம். மொதல்ல வண்டியில ஏறு.”

“ஒரு வருசமா இதத்தானே சொல்றீங்க.”

மூட்டைகளை இறக்கிவிட்ட நானாவின் வேன் கீழே ரோட்டில் காத்திருந்தது. நான்கு பேரைச் சேர்த்துத் தூக்கிப் போயிருக்கலாம். ஆனால் திமிறுவாள், திமிறினால் அழுத்தம் ஏறும், ஏறினால் அந்த இடத்திலேயே வெடிக்கும். வேறு வழி இல்லை. உண்மையைச் சொன்னால், வேறு வழி இல்லாததால்தான் சரியானதைச் செய்தேன். அதில் எனக்குப் பெருமை இல்லை. அவள் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துப் புதிய துண்டு எழுதினேன். காரணம்: தெரியாது. குடி இல்லை. முன்பு அப்படி எழுதியது என் பிழை.

கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“வாசிங்க. பெரட்டுல வாசிச்ச மாதிரி, சத்தமா.”

பதின்மூன்று பெண்களும் கையிலிருந்த கொழுந்தைப் போடாமல் நின்றார்கள். வாசித்தேன். ‘என் பிழை’ என்ற இடத்தில் ஒரு கிழவி, “இன்னொருக்கா வாசிங்க சாமி, காது கேக்கல” என்றாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இன்னொரு முறை வாசித்தேன். ராணி தலைக்கயிற்றைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

இரண்டு நாளம் கசிந்திருந்தது. கட்டினார்கள். மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

மலையில் வேலையை நிறுத்திவிட்டேன் என்று துரை என்னைக் கூப்பிட்டு ஏசினார். ஏசட்டும். இலகு வேலைக்குக் காரணம் தெரியாது என்று எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பினார். மறுபடி அனுப்பினேன். நான்கு முறை திரும்பி வந்தது. ஐந்தாம் முறை அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கூடை சுமந்து இவர் இறந்தால் அந்தக் காரணம் எனக்குத் தெரியும், அதை எழுதவும் தெரியும்.’ அன்று பின்னேரமே கையெழுத்தாகி வந்தது. அந்த வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல கதை. முடியவில்லை.

அவளுக்கு இதுவரை பத்தொன்பது முறை வளையம் போட்டாயிற்று. ஒரு முறை கட்டினால் சில மாதத்தில் வேறோர் இடத்தில் வீங்கும். காரணம் இன்றைக்கும் தெரியாது. பெரிய பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். சென்ற மாதம், உங்களில் ஒருவருடைய துண்டைப் பார்த்தேன் என்றேனே, அதே வாரம், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் புதுக் கொப்பி. ஐந்தாவது. பழையது நிரம்பினால் முதல் பக்கத்தைப் புதியதில் பார்த்து எழுதுவார்கள். ஐந்தாவது கொப்பியின் முதல் பக்கத்திலும் அந்தச் சொல் இருந்தது. என் திருத்தத்தை ஏதோ ஒரு கோப்பில் சொருகியிருக்கிறார்கள். பிழை மட்டும் கொப்பிக்குக் கொப்பி நடந்து வந்திருக்கிறது.

பேனாவை எடுத்தேன். கையைத் தடுத்தாள்.

“நீங்க அடிச்சா யாரு மதிப்பா? நீங்கதான் ரிட்டயராகிட்டீங்களே. என்கூட வாங்க.”

போனேன். விடியற்காலை ஐந்தரைக்கு வரிசை. எங்கள் இலக்கம் அறுபத்து மூன்று. பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். இளம் டொக்டர், தமிழ் பேசும் பிள்ளை, உங்கள் வயதுதான் இருக்கும். முதல் பக்கத்தைப் பார்த்தவுடனே, “இப்ப குடிக்கிறத விட்டுட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

ராணி என்னைப் பார்த்தாள்.

“அது பிழை, டொக்டர். ஒரு நாளும் குடித்ததில்லை” என்றேன்.

“நீங்க யாரு இவங்களுக்கு? அப்பாவா?”

“இல்லை. அதை எழுதினவன்.”

அந்தப் பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னார். பெரிய டொக்டரின் கடிதம், என் இரண்டாம் துண்டு எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. ஒருவரும் புரட்டவில்லை, அவ்வளவுதான். வாசித்தார். கொப்பியில் அந்தச் சொல்லைக் குறுக்காக அடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனா அந்தக் கட்டத்தின் மேல் அப்படியே நின்றது. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். வேனின் முன்மூடியில் என் பேனாவும் அப்படித்தான் நின்றது.

“அப்ப காரணம்னு என்ன எழுதுறது?” என்றார்.

“தெரியாதுன்னு எழுதுங்க டொக்டர்” என்றாள் ராணி. “எனக்கு அது பழகிப்போச்சு. உங்களுக்குத்தான் இன்னும் பழகல.”